ஊதிய இடத்தில் முனகக் கூடாது

காலை ஆறு மணிக்கே துணிக்கடை வாசலில் வரிசை நின்றது. துணி வாங்க அல்ல. பாதி விலை என்று கடைக்காரர் எழுதிப் போட்ட நாளில்கூட இத்தனை பேர் வந்ததில்லை. இவர்கள் மாடிக்குப் போகிறவர்கள். மாடியில் ஊதல் ஐயா ஊதுகிறார்.

எதை ஊதுகிறார்? வயிற்றை. ஒரு முழ நீளத்தில் செம்புக் குழாய். ஒரு முனை ஐயாவின் வாயில், மறுமுனை உங்கள் வயிற்றின் மேல். மூன்றே ஊது. பித்தப்பைக் கல்லோ சிறுநீரகக் கல்லோ, உள்ளே இருக்கிற கல் மாவாகிவிடும். அந்த மாவு எங்கே போகும் என்று ஒருவர் கேட்டுவிட்டார். "போக வேண்டிய இடத்துக்குப் போகும்" என்றார் ஐயா. கேட்டவரைத் தவிர எல்லாருக்கும் புல்லரித்தது.

ஐயா ஒரு வாரத்தில் ஐந்து இடங்களில் ஊதுவார். திங்கள் துணிக்கடை மாடி. செவ்வாய் மாவு மில். புதன் பழைய தியேட்டர். வியாழன் மரக்கடை. வெள்ளி லாரி ஷெட். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கரும்பலகை. இங்கே ஊதப்பட்டவர்கள் இத்தனை, இங்கே வந்து கோளாறு சொன்னவர்கள் இத்தனை என்று இரண்டே வரி. முதல் வரி வாரத்துக்கு வாரம் வளரும். இரண்டாவது வரி பிறந்ததிலிருந்து சைபர்.

அந்த ஐந்து சைபரில்தான் பெரியவள் விழுந்தாள்.

பெரியவளுக்குப் பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து, மூன்றாவது முறை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனித் தள்ளிப்போடக் கூடாது, கல் பித்தக் குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அறுவைக்கு நாள் குறித்தார் டாக்டர். பெரியவளும் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வீட்டில் வந்து படித்தாள். அதோடு சரி.

அந்தத் தாளை எழுதியவள் அவளுடைய தங்கை, சின்னவள்.

சின்னவளுக்கு அதே ஆஸ்பத்திரியில் வேலை. ஊசி போடுகிற வேலை இல்லை, கணக்குப் போடுகிற வேலை. பித்தப்பை அறுவை பற்றி எங்கெங்கோ நடந்த ஆய்வுகளெல்லாம் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் இருக்கிற அவள் மேசைக்கு வரும். ஒருவர் இருபது பேரைப் பார்த்திருப்பார், இன்னொருவர் இரண்டாயிரம் பேரைப் பார்த்திருப்பார். ஒருவர் கோளாறு நூற்றுக்கு ஒன்று என்பார், இன்னொருவர் ஏழு என்பார். எத்தனை நாள் பார்த்தார்கள், எதைக் கோளாறு என்றார்கள், நடுவில் காணாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று குடைந்து குடைந்து பார்த்து, இருபதுக்கு இருபதின் கனமும் இரண்டாயிரத்துக்கு இரண்டாயிரத்தின் கனமும் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே விகிதமாகச் சேர்ப்பாள். படித்தவர்கள் அதை மெட்டா அனாலிசிஸ் என்பார்கள். அக்கா வீட்டில் அதற்குப் பெயர் 'அடுத்தவன் கணக்கைக் கூட்டுறது'.

அப்படி நாற்பத்தொரு ஆய்வுகளைக் கூட்டித்தான் அந்தத் தாளில் எழுதியிருந்தாள்: நூறு பேரில் மூன்று பேருக்கு ஏதாவது கோளாறு வரலாம்.

"நீயே எழுதியிருக்கியேடி! நூத்துல மூணு. கொட்டை எழுத்துல."

"தொண்ணூத்தேழு பேருக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் அதே தாள்லதான்கா எழுதியிருக்கேன்."

"அது சின்ன எழுத்துல இருக்கு."

"ரெண்டும் ஒரே அளவுதான்!"

"எனக்குச் சின்னதாத் தெரியுது. வயிறு என்னோடது. நான் படிக்கிற மாதிரிதான் படிப்பேன்."

அத்தான் பஸ் கண்டக்டர். வீட்டிலும் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல். "இங்க பாரும்மா, ஒரு இடத்துல சைபர்னா ஏமாத்துன்னு சொல்லலாம். அஞ்சு இடத்துலயும் எப்படி ஏமாத்துவான்? இருபது வருஷமா டிக்கெட் கிழிக்கிறேன். ஒரு ஸ்டாப்புல யாரும் ஏறலைன்னா சரி. அஞ்சு ஸ்டாப்புலயும் யாரும் ஏறலைன்னா என்ன அர்த்தம்? அந்த வழியில ஆளே இல்லைன்னு அர்த்தம்."

"இல்லைன்னா பஸ் எங்கேயும் நிக்கலைன்னு அர்த்தம், அத்தான்."

பெரியவள் முடித்துவைத்தாள்: "திங்கக்கிழமை ஊதிக்கப் போறேன். நீ வேணும்னா துணைக்கு வா. வாயைத் திறக்கறதா இருந்தா வராதே."

சின்னவள் போனாள். வாயைத் திறக்காமல் இருக்கலாம் என்றுதான் போனாள்.

மாடியில் பலகைக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டை தொங்கியது: 'ஊதிய இடத்தில் முனகக் கூடாது. முனகினால் காற்றுத் திரும்பும்.' அதன் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நோட்டுக்காரர். வருகிறவர்களுக்கு எண் போட்ட தகர வில்லை கொடுப்பதும், பலகையில் எழுதுவதும், ஒரு சிவப்பு நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

ஒரு பெண் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் மஞ்சள்.

"எங்கே ஊதினது?" என்றார் நோட்டுக்காரர்.

"மாவு மில்லுல. போன செவ்வாய்."

"என்ன பண்ணுது?"

"காய்ச்சல், குளிர், வாந்தி. நிக்க முடியல."

"நல்லது."

"நல்லதா?"

"இங்கே வந்து சொன்னீங்களே, அதைச் சொன்னேன். மில்லுல போய் முனகியிருந்தீங்கன்னா காத்துத் திரும்பியிருக்கும்." அழகாக எழுதிக்கொண்டார். வில்லை எண், மில், காய்ச்சல், காமாலை.

சின்னவளால் முடியவில்லை. "அண்ணே, இதைப் பலகையில போடலையா?"

"இவங்க மில்லு ஆளும்மா. இது துணிக்கடைப் பலகை."

"அப்போ மில்லு பலகையில போடுவீங்களா?"

"அங்கேதான் யாரும் வந்து சொல்றதே இல்லையே!" குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சிரித்தார்.

சின்னவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பிரமிப்பு. நாற்பத்தொரு ஆய்வுகளைப் புரட்டியவள் அவள். 'ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று மார்தட்டிய ஓர் ஆய்வைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். நோயாளி வாசலைத் தாண்டும்வரைதான் அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் வலிக்கிறவரே தன் வலியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், கணக்கில் வராத இடமாகப் பார்த்து இறக்கிவைக்கும்படி ஏற்பாடு செய்த சாமர்த்தியத்தை எந்தப் பேராசிரியரிடமும் பார்த்ததில்லை. ஐந்து வீட்டுக் குப்பையையும் அடுத்த வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, என் வாசல் சுத்தம் என்று ஐந்து பேரும் சொல்கிற மாதிரி!

மஞ்சள் கண்காரியை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஓடிவந்து அக்காவின் காதில் சொன்னாள்.

"அவளுக்கு நம்பிக்கை பத்தலை" என்றாள் பெரியவள்.

"அக்கா, ஒரு நோட்டு பூரா எழுதியிருக்காங்க!"

"நீ எதைப் பாத்தாலும் கூட்டுவே. தள்ளு, என்னைக் கூப்பிடுறாங்க."

மூன்று ஊது. அன்றைக்கு அவள்தான் கடைசி ஆள். நோட்டுக்காரர் 411 ஐ அழித்து 412 என்று எழுதினார். பெரியவள் பலகையைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "லேசா இருக்குடி" என்றாள். காலையிலிருந்து சாப்பிடாதவளுக்கு லேசாகத்தான் இருக்கும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அறுவைக்குச் சரியாக ஒரு வாரம் இருக்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் மாவு மில்லுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே பச்சை நோட்டு. அதில் துணிக்கடைக்காரர்களும் தியேட்டர்காரர்களும் முனகியிருந்தார்கள். புதன்கிழமை தியேட்டர். அங்கே நீல நோட்டு, மரக்கடைக்காரர்கள். எங்கே போனாலும் அதே நோட்டுக்காரர், அதே அச்சுக் கையெழுத்து, அதே சிரிப்பு.

"அண்ணே, இதையெல்லாம் யாராவது கூட்டிப் பாத்ததுண்டா?"

"எழுதச் சொன்னாங்க, எழுதறேன். கூட்டச் சொல்லலையே." பிறகு கொஞ்சம் ஏக்கத்தோடு கேட்டார்: "கையெழுத்து எப்படிம்மா இருக்கு? யாரும் படிக்கறதே இல்லை."

வியாழக்கிழமை இரவு வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அத்தான் பஸ் கதையை ஆரம்பித்தார். பெரியவள் போர்வையை இழுத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு உன் டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றாள். வெயில் காலத்தில் எதற்குப் போர்வை என்று சின்னவளுக்கு அப்போது தோன்றவில்லை. கணக்கு தெரிந்தவளுக்கும் சில சமயம் கண் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஐயா தன் தலையில் தானே ஊதிக்கொண்டார்.

அவர் ஊத ஆரம்பித்து இருநூறு நாள் ஆகிவிட்டதாம். பெரிய மண்டபம் ஒன்றை எடுத்து விழா வைத்தார். ஐந்து இடத்து ஆட்களும் வந்து நெருக்கியடித்தார்கள். மேடையில் ஐந்து பலகைகளையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஐந்து சைபரும் பல் இல்லாத வாய்களைப் போலச் சிரித்தன. ஐயா குழாயைச் செங்கோல் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கினார்:

"ஆஸ்பத்திரியில நூத்துக்கு மூணு பேருக்குக் கோளாறுன்னு அவங்களே அச்சடிச்சுக் கொடுக்கறாங்க! இங்கே அஞ்சு இடம், அஞ்சு பலகை. நீங்களே கூட்டிப் பாருங்க!"

"சைபர்!" என்று அத்தான் மண்டபம் அதிரக் கத்தினார்.

சின்னவள் எழுந்தாள். "ஐயா, நான் கூட்டட்டுமா?"

"கூட்டும்மா, நல்லா கூட்டு! சைபரும் சைபரும் எவ்வளவு?" மண்டபம் சிரித்தது.

"சைபர்தான். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். ஊதின இடத்துல முனகக் கூடாது, இல்லையா?"

"கூடவே கூடாது."

"வேற இடத்துல முனகலாம்?"

"தாராளமா."

"இந்த மண்டபத்துல இதுவரைக்கும் யாரையாவது ஊதியிருக்கீங்களா?"

"இங்கே எப்படி ஊதறது? இது விழா மண்டபம்மா."

"அப்போ இது எல்லாருக்குமே வேற இடம்தானே, ஐயா? இங்கே யார் முனகினாலும் காத்துத் திரும்பாதே?"

கூட்டத்துக்கு இது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஐயாவுக்கு உடனே புரிந்துவிட்டது. குழாய் தாழ்ந்தது.

"அது... காத்தோட மனசைப் பொறுத்தது."

"இத்தனை நாளா இடத்தைப் பொறுத்ததுன்னுதானே சொன்னீங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஊதினதுக்கு அப்புறம் படுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இன்னிக்கு விட்டா எல்லாரும் சேர்ந்து இருக்கற இடம் கிடைக்காது."

யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பலகையைப் பார்த்தார்கள். ஐயாவின் முகத்தில் சிரிப்பு திரும்பி வரத் தொடங்கியது. இரண்டு நாளில் செவ்வாய்க்கிழமை. கணக்கு கையில் இருக்கிறது, அக்கா கையில் இல்லை.

அப்போது நடுவரிசையில் ஒரு போர்வை எழுந்தது.

"நான் முனகுறேன்."

பெரியவள்!

"நானூத்திப் பன்னண்டாவது ஆள். துணிக்கடை மாடி. வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சல். வெள்ளிக்கிழமை லாரி ஷெட்டுக்குப் போய் முனகிட்டு வந்தேன். எழுதிக்கிட்டாங்க. பலகையில இல்லை." அவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "அஞ்சு பலகையையும் வரிசையா வச்சதும் தேடிப் பாத்தேன். நான் எதுலயும் இல்லை."

"ஏண்டி எங்கிட்ட சொல்லலை?" என்று அத்தான் பதறினார்.

"நீங்கதான் சைபர் சைபர்னு கத்திக்கிட்டிருந்தீங்களே!"

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதாக்கா?"

"உங்கிட்ட சொன்னா நீ கூட்டிடுவியேடி!"

மண்டபம் சிரித்தது. சிரிப்போடு ஒரு கை உயர்ந்தது. இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. 'மில்லு', 'மரக்கடை', 'தியேட்டர்' என்று முனகல் கிளம்பியது. உற்சாகமாகத் தலையாட்டுகிற கூட்டத்தைத்தான் ஐயா பார்த்திருக்கிறார். முனகுகிற கூட்டம் அவருக்குப் புதிது.

"கையை இறக்குங்க" என்றாள் சின்னவள். கூட்டம் விழித்தது. "கையை எண்ணினா கணக்காகாது. வலிக்கறவங்க நிறைய வந்திருக்கலாம், வலி தாங்காம வராமலும் இருக்கலாம். நமக்குத்தான் நோட்டு இருக்கே! நோட்டுக்காரண்ணே, அஞ்சும் கொண்டுவந்திருக்கீங்களா?"

"எடுக்காதே!" என்று ஐயா கத்தினார்.

ஆனால் இருநூறு நாளில் முதன்முறையாக ஒரு ஜீவன் நோட்டுக்காரரின் கையெழுத்தைச் சபையில் படிக்கக் கேட்கிறது. நோட்டுக்காரர் ஐந்தையும் பையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

"ஏப்பம், மந்தம், பசியில்லாமை எல்லாம் தள்ளிடுங்கண்ணே. காய்ச்சல், காமாலை, படுக்கையில போட்ட வலி, அது மட்டும் படிங்க."

"சிவப்பு நோட்டு. எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணூ!" என்று அத்தான் ஸ்டாப் பெயர் கூவுவது போலக் கூவினார். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே குரல் வந்துவிட்டது, தொழில் பழக்கம். சின்னவள் ஒரு பலகையைத் திருப்பி, அதன் முதுகில் எழுதினாள்.

பச்சை அறுபத்திநாலு. நீலம் ஐம்பத்திரெண்டு. மஞ்சள் தொண்ணூத்தேழு. கறுப்பு எழுபத்தாறு.

"ஒரே ஆள் நாலு இடத்துல போய் முனகியிருப்பான்!" என்றார் ஐயா.

"நல்ல கேள்வி, ஐயா. நானும் அதைத்தான் முதல்ல கேப்பேன்" என்றாள் சின்னவள். உண்மையாகவே பாராட்டினாள்.

நோட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு வில்லை எண்ணை ஒரு தடவைக்கு மேல எழுத மாட்டேன். மறுபடி வந்தா, எந்த நோட்டுல இருக்கோ அதுல ஒரு புள்ளி வைப்பேன். என் நோட்டைத் தப்புன்னு சொல்லாதீங்க, ஐயா."

"ஊதினது மொத்தம் எவ்வளவு, அத்தான்?"

அத்தான் பலகைகளைப் பார்த்து உதட்டுக்குள் கூட்டினார். அதில் அவர் கில்லாடி. "நானூத்திப் பன்னண்டு, முன்னூத்தி எண்பத்தெட்டு, இருநூத்தித் தொண்ணூறு, ஐநூத்தி அஞ்சு, நானூத்தி அஞ்சு. சரியா ரெண்டாயிரம்."

"முனகினது?"

"முன்னூத்தி அறுபது."

"நூத்துக்கு?"

அத்தான் மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை குரல் முதல் சீட்டைக்கூடத் தாண்டவில்லை. "பதினெட்டு."

"அதுவும் எழுந்து நடந்து இன்னோர் இடத்துக்குப் போக முடிஞ்சவங்க மட்டும்" என்றாள் சின்னவள். "படுத்த படுக்கையா ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க இதுல இல்லை. அவங்களை நாங்கதான் எழுதிக்கிட்டிருக்கோம்."

"கல்லு கரைஞ்சுதே, அதைச் சொல்லுங்க!" என்று ஐயா கடைசியாக ஒரு முறை ஊதிப் பார்த்தார்.

"எங்கே போச்சாம்?" என்று கேட்டது ஒரு குரல். முன்பு மாவைப் பற்றிக் கேட்டவரே அவர்.

ஐயா பக்கவாசல் வழியாகப் போனார். காணிக்கைப் பெட்டி அவருக்கு முன்பே வேனில் ஏறியிருந்தது. வேன் நகர்ந்தபோது காதைத் துளைக்கிற விசில் ஒன்று கேட்டது. விசில் கேட்டால் நிற்பது டிரைவர்களின் ரத்தத்தில் ஊறியது, வேன் நின்றது. "பெட்டியை இறக்கு. ஆள் போகலாம்" என்றார் அத்தான். குழாயை மட்டும் கையோடு கொடுத்தனுப்பினார்கள். அடுப்பு ஊத உதவும்.

பெரியவளை அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க முடியாது என்று டாக்டர் திங்கட்கிழமை காலையே அறுவை செய்துவிட்டார். ஒரு நாள் தாமதித்திருந்தாலும் பை உள்ளேயே வெடித்திருக்கும் என்றார். எடுத்த கல்லைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். மாவாகவில்லை. முழுசாக, திமிராக இருந்தது.

நாலாம் நாள் தையலில் ஓரிடத்தில் சீழ் வைத்தது. மருந்து போட்டால் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள். பெரியவள் விடவில்லை.

"இதை எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டோம்மா."

"கோளாறு கணக்குல?"

"ஆமாம்மா."

"காட்டுங்க பாக்கலாம்."

காட்டினார்கள். அவள் தன் பெயருக்கு நேரே விரலை வைத்துப் படித்துவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி தலையணையில் சாய்ந்தாள். "வீட்டுக்குப் போனப்புறம் ஏதாவது ஆனா?" என்று சின்னவளைக் கேட்டாள்.

"முப்பது நாள் வரைக்கும் போன் பண்ணிக் கேப்பாங்கக்கா. எடுக்கலைன்னா வீட்டுக்கே வருவாங்க."

"தொல்லை பிடிச்சவங்கடி நீங்க" என்றாள் பெரியவள், வெகு திருப்தியாக.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைப் பார்க்க அவள் நாத்தனார் வந்திருந்தாள். வந்தவள் குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்: "அந்தப் பக்கம் புதுசா ஒருத்தர் வந்திருக்காராம். தண்ணியில முகத்தைப் பாத்தே நோயை எடுத்துடறாராம். இதுவரைக்கும் யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லையாம்!"

பெரியவளுக்குத் தையல் இழுத்தது. இருந்தாலும் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"குறை வந்தவங்க எங்கே போய்ச் சொல்லணுமாம்?"

நாத்தனார் விழித்தாள். "அதைக் கேக்கலையே."

"போய்க் கேட்டுட்டு வா. நாங்க இங்கேதான் இருக்கோம்."

நாத்தனார் கேட்கப் போயிருக்கிறாள். நீங்களும் உங்களுக்குத் தெரிந்த ஐயாக்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கேள்வி கேட்டதால் இதுவரை யாருக்கும் காய்ச்சல் வந்ததாகத் தெரியவில்லை. வந்தால் சொல்லுங்கள், எந்த இடத்தில் வேண்டுமானாலும் முனகலாம், எழுதிக்கொள்கிறோம்.